பெசல் கல் பதிப்புக்கான தொடக்கப் பெட்டி: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

வெள்ளியில் கல் வைக்கப் பழகுவோருக்கென்று இணையத்தில் விற்கும் கருவிப் பெட்டிகள் பல பெயர்களில் வருகின்றன. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை ஏறத்தாழ ஒன்றுதான்: கல்லைச் சுற்றிய உலோக விளிம்பைத் தள்ளி மடக்கும், மரப்பிடி போட்ட புஷர் ஒன்று, அதே வேலையை ஆட்டி ஆட்டிச் செய்யும் ராக்கர் ஒன்று, விளிம்பைத் தேய்த்து மெருகேற்றும் பர்னிஷர் ஒன்று, அறுப்புச் சட்டமும் ஒரு கட்டு பிளேடும், ஊசி அரங்கள், மோதிரத்தை மாட்டி வட்டமாக்கும் கோலான மேண்ட்ரல், சாமணம், சின்ன பியூட்டேன் டார்ச், சூடு தாங்கும் பலகை, உலோகத் துண்டுகளை உருகி ஒட்டவைக்கும், ஊசிக்குழாயில் அடைத்த சால்டர் பசை, ஒரு சுருள் பெசல் கம்பி. சிலவற்றில் கூம்புக் குழிகள் வெட்டிய பஞ்ச் பிளாக்கும் உண்டு. இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பெட்டியில் பாதி நல்ல பொருள், கால்வாசியைத் தீட்டித் திருத்தினால் நல்ல பொருளாகும், மீதி கால்வாசி வேலையையே கெடுக்கும். எது எந்தப் பக்கம் என்று தெரிந்து வாங்கினால் நஷ்டமில்லை.

பெசல் என்பது கல்லைச் சுற்றி நிற்கும் மெல்லிய உலோகச் சுவர். கொக்கி எதுவும் கிடையாது. சுவரின் மேல்விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்துக் கல்லின் தோளில் படியவைத்தால் கல் நிற்கும். அடிப்பாகத் தட்டை, மேல்பாகக் குமிழ் என்று இழைத்த கபோஷான் கற்களுக்கு இதுவே பொருத்தமான பதிப்பு. காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லோ இலங்கை மீட்டியாகொடைக் கல்லோ கையில் இருந்தால் பழகுவதற்கு அது போதும். ஆனால் முதல் கல்லாக அதை எடுக்காதீர்கள். சந்திரகாந்தத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில், 6 முதல் 6.5 வரைதான், அதோடு இரண்டு திசைகளில் எளிதில் பிளக்கும். கருவி ஒருமுறை வழுக்கினால் கீறல் அல்லது பிளவு. அகேட் 6.5 முதல் 7 வரை, மலிவு, பிளவுத் தளம் இல்லாதது. முதல் பத்துக் கற்கள் வட்டமான 10 மி.மீ. அகேட்டாக இருக்கட்டும்.

பெட்டியில் முதலில் சோதிக்க வேண்டியது கம்பி. பெசலுக்கு 999, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளிதான் வேண்டும். 925 வெள்ளி விறைப்பு அதிகம், மடங்க மறுக்கும். ஆனால் சுத்த வெள்ளி என்று எழுதி வெள்ளி முலாம் பூசிய செம்பையும் வைக்கிறார்கள். சோதனை எளிது. ஒரு சென்டிமீட்டர் துண்டை வெட்டி டார்ச் சுடரில் செந்நிறம் வரும்வரை காட்டி, தானாக ஆறவிடுங்கள். சுத்த வெள்ளி ஆறியபின்னும் வெளுப்பாகவே இருக்கும். செம்பு கலந்திருந்தால் கறுக்கும். நெருப்பு வேண்டாம் என்றால் எடை போதும்: 3 மி.மீ. அகலம், 0.3 மி.மீ. தடிமன், 30 செ.மீ. நீளமுள்ள வெள்ளிக் கம்பி 2.8 கிராம் இருக்க வேண்டும்; செம்பென்றால் 2.4 கிராம்தான் காட்டும். இந்த ஒரு சோதனையில் தேறாத பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மற்ற குறைகளைச் சரிசெய்யலாம், இதை முடியாது.

அடுத்து சால்டர் பசை. நம் பட்டறை வழக்கில் சால்டரைப் பொடி என்பார்கள், அதை உருக்கி ஒட்டுவதை ஊதுவது என்பார்கள். பொடி வைத்து ஊதுவது, பொடி வைத்துப் பேசுவது என்ற வழக்கெல்லாம் ஆசாரியின் ஊதுகுழலிலிருந்து வந்தவைதான். பசைக் குழாயில் இரண்டு குறைகள். ஒன்று, ஒரே தரம்தான் வரும். எந்த வெப்பத்தில் உருகும் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. பெசல் மோதிரத்தில் குறைந்தது மூன்று இணைப்புகள் உண்டு: பெசலின் முனைகள் சேரும் இடம், பெசல் அடித்தகட்டில் உட்காரும் இடம், விரலில் போடும் வளையம் தகட்டின் அடியில் ஒட்டும் இடம். மூன்றையும் ஒரே பொடியால் ஊதினால் மூன்றாவதை ஊதும்போது முதலாவது வாய் திறக்கும். அதனால்தான் ஹார்டு, மீடியம், ஈசி என்று மூன்று தரம். ஹார்டு ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸில் ஓடும், மீடியம் 740-க்குச் சற்று கீழே, ஈசி 720-ஐ ஒட்டி. அடுத்தடுத்த தரங்களின் இடைவெளி நாற்பது ஐம்பது டிகிரியைத் தாண்டாது என்பதைக் கவனியுங்கள். கண்ணும் கையும் பழக வேண்டியதற்கு இதுவே காரணம். இரண்டாவது குறை, பசையின் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. மெல்லிய பெசல் இணைப்புக்கு ஒரு மி.மீ. சதுரத்துக்கும் குறைவான ஒரு துண்டு சால்டர் போதும். பசை அதைவிட அதிகமாக வழிந்து உள்சுவரில் படியும், கல் உள்ளே இறங்காது. தகடாகவோ கம்பியாகவோ மூன்று தர சால்டரைத் தனியாக வாங்கி, அடையாளம் குழம்பாதபடி தனித்தனி டப்பாவில் வெட்டி வையுங்கள்.

இதிலேயே ஒரு எச்சரிக்கை. காட்மியம் கலந்த சால்டர் எளிதாக ஓடும் என்பதால் பழைய பட்டறைகளில் இன்னும் புழங்குகிறது. கேடிஎம் என்று நகைக்கடைகளில் கேட்டுப் பழகிய பெயர் இதுதான். காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெள்ளி ஊதும் வெப்பமும் அதே எல்லைதான். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காட்மியம் இல்லாதது என்று எழுத்தில் தராத சால்டரை, அது பெட்டியோடு இலவசமாக வந்திருந்தாலும், சூடாக்காதீர்கள்.

டார்ச்சைப் பற்றிப் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அது முழு நியாயமில்லை. பெட்டியில் வரும் சின்ன பியூட்டேன் டார்ச் 10 மி.மீ. கல் மோதிரத்துக்குத் தாராளமாகப் போதும். 40 மி.மீ. பதக்கத்துக்குப் போதாது. வெள்ளி எல்லா உலோகங்களையும்விட வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. நீங்கள் ஒரு மூலையைச் சூடாக்கினால் அது தகடு முழுவதும் ஓடிப்போகும். சுடரின் வெப்பநிலை போதுமானதுதான், கொடுக்கும் வெப்பத்தின் அளவுதான் குறைவு. பலகைக்குப் பதில் மரக்கரித் துண்டின்மேல் வைத்தால் வெப்பம் திரும்பி வரும், பாதிச் சிரமம் தீரும். நெருப்புச் சட்டியான உமியோட்டில் கரி மூட்டி ஊதுகுழலால் ஊதியவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் வேலை செய்தார்கள்.

இப்போது வேலையின் உயிர்நிலைக்கு வருவோம்: பெசலின் நீளம். வட்டக் கல்லுக்கு, கல்லின் விட்டத்தோடு கம்பியின் தடிமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். 10 மி.மீ. கல், 0.3 மி.மீ. கம்பி என்றால் 10.3 × 3.14 = 32.3 மி.மீ. முட்டை வடிவக் கல்லுக்கு நீள அகலங்களின் சராசரியை விட்டமாகக் கொள்ளலாம். 14 × 10 கல்லுக்கு 12.3 × 3.14 = 38.6 மி.மீ. கல்லைச் சுற்றிக் கம்பியை நேரடியாகப் பிடித்து ஊசியால் கோடிட்டும் அளக்கலாம், ஆனால் இழுத்துப் பிடிக்கும் அழுத்தம் கைக்குக் கை மாறும். நீளம் ஒரு மி.மீ. கூடினால் விட்டம் 0.3 மி.மீ. கூடும், கல் உள்ளே ஆடும். கூடிய பெசலை அறுத்து மறுபடி ஊத வேண்டும். ஒரு மயிரளவு குறைந்ததையோ மேண்ட்ரலில் போட்டு மெல்லத் தட்டி விரித்துக்கொள்ளலாம். ஆகவே தவறினால் குறைவின் பக்கம் தவறுங்கள்.

கம்பியின் முனைகள் இரண்டும் சதுரமாக அராவப்பட்டு, ஒன்றோடொன்று வெளிச்சம் ஊடுருவாமல் சேர வேண்டும். சால்டர் இடைவெளியை நிரப்பாது. நெருங்கிய இடத்துக்குத்தான் ஓடும். வளையம் இந்தக் கட்டத்தில் வட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கில D எழுத்துபோல ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் முனைகள் நேராகச் சேரும். ஜன்னலை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சேரும் கோடு மறைந்திருந்தால் வெங்காரத்தை (போராக்ஸ்) தடவி, ஹார்டு சால்டர் துண்டின்மேல் வளையத்தின் இணைப்பை உட்காரவைத்து, சுடரை வளையம் முழுக்கச் சுழற்றுங்கள். வெங்காரம் முதலில் நீர் வற்றிப் பொங்கி வெளுக்கும், பிறகு படிந்து கண்ணாடிபோல் உருகும். அதன்பின் சில வினாடிகளில் இணைப்பில் ஒரு பளிச்சென்ற கோடு ஓடும். அந்தக் கணமே சுடரை விலக்க வேண்டும். இன்னும் ஒரு வினாடி நின்றால் 0.3 மி.மீ. சுவர் சுருண்டு உருண்டையாகிவிடும்.

ஆறியதும் மேண்ட்ரலில் வட்டமாக்கிக் கல்லை இறக்கிப் பாருங்கள். லேசான உராய்வோடு கல் உள்ளே போய் மறுபக்கம் வர வேண்டும். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் பெசல் சின்னது. தடையின்றி விழுந்தால் பெரிது. அடித்தகட்டில் ஊதியபின் கல் சிக்கிக்கொண்டால் கீழிருந்து தள்ள வழியில்லை. சோதிக்கும்போது கல்லுக்கடியில் பல் இடுக்கைத் துலக்கும் மெழுகு நூல் ஒன்றைக் குறுக்காகப் போட்டு வையுங்கள், இழுத்தால் கல் வந்துவிடும்.

உயரத்தில்தான் பெட்டிக் கம்பி பலரை ஏமாற்றுகிறது. 3 மி.மீ. அகலக் கம்பியே பெரும்பாலும் வரும். கல்லின் பக்கச் சுவர் உள்வாங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே பெசல் முடிய வேண்டும். பொதுவாகக் கல்லின் உயரத்தில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை. தாழ்வான கல்லுக்கு 3 மி.மீ. சுவர் போட்டால் மிச்ச உலோகத்துக்குப் போக இடமில்லாமல் சுருக்கம் விழும், கல்லின் முகமும் மறையும். சமதளத்தில் உப்புத்தாளை விரித்து அதன்மேல் பெசலை 8 என்ற எண்போல் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். கல்லுக்கடியில் பழைய பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய வில்லையை வைத்துக் கல்லை உயர்த்தவும் செய்யலாம். சிலர் மரத்தூள் நிரப்புவார்கள். அது ஈரம் குடித்து உப்பும், வேண்டாம்.

அடித்தகடு 0.5 அல்லது 0.6 மி.மீ. இருக்கட்டும். மீடியம் சால்டர் துண்டுகளை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று பட்டறைக்குப் பட்டறை மாறும். உள்ளே வைத்தால் வெளிப்புறம் சுத்தமாக வரும், ஆனால் ஓடாத துண்டு கல்லைத் தூக்கும். பழகும்வரை வெளியே வைத்து, பிறகு அரத்தால் சுத்தம் செய்வதே மேல். சுடரைத் தகட்டின் மேலும் அடியிலும் காட்டுங்கள், பெசலின்மேல் அல்ல. மெல்லிய சுவர் முந்திச் சூடேறினால் சால்டர் சுவரில் ஏறிக்கொள்ளும், அடியில் இடைவெளி நிற்கும். சால்டர் எப்போதும் சூட்டைத் துரத்தும் என்பதை மனதில் கொண்டால் இந்தத் தவறு வராது.

ஊதியபின் கறுப்பைப் போக்க அமிலக் குளியல் வேண்டும். பெட்டியில் இது இருக்காது, வாங்கவும் வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவதே போதும்: அரை லிட்டர் வெந்நீரில் 50 முதல் 75 கிராம். கண்ணாடிப் பாத்திரத்தில் சூடாக வைத்துக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். இரும்புச் சாமணத்தை அதற்குள் விடக்கூடாது. கரைசலில் உள்ள செம்பு வெள்ளிமேல் படிந்து நகை சிவக்கும். பிளாஸ்டிக் அல்லது மூங்கில் இடுக்கி போதும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசுங்கள். கல் வைத்தபின் எந்த அமிலமும் கூடாது, முத்துக்கும் பவழத்துக்கும் ஒருபோதும் கூடாது.

இனி புஷர். எல்லாப் பெட்டிகளிலும் இது வேலைக்குத் தயாராக வருவதில்லை, ஆனால் அரைமணி நேரத்தில் தயாராகிவிடும். முனையை லென்ஸில் பாருங்கள். சதுர முகத்தின் நாலு ஓரமும் கத்திபோல் கூர்மையாக இருக்கும், முகம் முலாம் பூசி வழுவழுப்பாக இருக்கும். கூர்மையான ஓரம் வெள்ளியில் வெட்டுத் தடம் விடும். வழுவழுப்பான முகம் வழுக்கிக் கல்மேல் பாயும். ஓரங்களை உப்புத்தாளில் உருட்டி மழுக்குங்கள். முகத்தை 400 எண் தாளில் ஒரே திசையில் தேய்த்து மங்கலாக்குங்கள். பிடியின் நீளமும் முக்கியம். பிடியின் குமிழ் உள்ளங்கைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் நகைமேல் ஊன்றி, முனை அதைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டர்தான் நீள வேண்டும். நீளமாக வந்தால் பிடியை வெட்டிவிடத் தயங்காதீர்கள். தள்ளும் பலம் உள்ளங்கையிலிருந்தும், நிறுத்தும் பலம் கட்டைவிரலிலிருந்தும் வர வேண்டும்.

பர்னிஷருக்கு நேர்மாறான விதி. அது கண்ணாடிபோல் மின்ன வேண்டும், ஏனென்றால் அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் வெள்ளியில் அச்சாகும். 600, 1200, 2000 எண் தாள்களில் வரிசையாகத் தேய்த்து, தோல்மேல் மெருகுப் பொருளான ரூஜ் தடவி மெருகேற்றுங்கள். ராக்கர் நல்ல கருவிதான். முட்டை வடிவக் கல்லின் நீண்ட பக்கத்துக்கு உதவும். ஆனால் புஷர் பழகாமல் ராக்கருக்குத் தாவாதீர்கள்.

கல்லை இறக்கியபின் தள்ளும் வரிசை: கடிகாரத்தின் 12, 6, 3, 9. பிறகு அவற்றின் இடைகள், பிறகு இடைகளின் இடைகள். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் மிச்ச உலோகம் எல்லாம் கடைசி இடத்தில் திரண்டு மடிப்பாகும். முதல் சுற்றில் சுவரின் நடுவைத்தான் கல்லோடு அணைக்க வேண்டும், விளிம்பை அல்ல. விளிம்பை முதலிலேயே மடித்தால் கீழே வெற்றிடம் நிற்கும், மோதிரம் மாதக்கணக்கில் போட்டபின் கல் ஆடத் தொடங்கும். சதுரக் கல்லானால் மூலைகளை முதலில், பக்கங்களைப் பிறகு. நன்றாகப் பதிந்த பெசலின் விளிம்பில் பஞ்சு இழையை ஓட்டினால் எங்கும் மாட்டாது.

அரங்களைப் பற்றிச் சுருக்கமாக: பெட்டியில் வைரப் பூச்சு அரம் இருந்தால் அதை வெள்ளிக்கு எடுக்காதீர்கள், ஆழமான கீறல் விடும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அரைவட்ட ஊசி அரம் ஒன்று மட்டும் நல்லதாகத் தனியே வாங்குங்கள். சுவிஸ் வல்லோர்ப் தயாரிப்பில் 2-ஆம் எண் வெட்டு, முடிந்தால் 4-ஆம் எண்ணும். சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டு அராவினால் பற்களில் வெள்ளி அடையாது. அறுப்புச் சட்டம் பரவாயில்லை. பிளேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு 2/0 எண்ணில் தரமான ஒரு டஜன் வாங்குங்கள், தேன்மெழுகு தடவி அறுங்கள். மேண்ட்ரல் அலுமினியமா எஃகா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியம் என்றால் அளவு பார்க்க மட்டும்தான், அதன்மேல் வளையத்தை வைத்துச் சுத்தியலால் தட்டினால் மேண்ட்ரலில் குழி விழும்.

பஞ்ச் பிளாக் பட்டை வெட்டிய கற்களுக்கான தடித்த கூடு செய்யத்தான் பயன்படும். 17 டிகிரிச் சரிவு என்று பொறித்திருக்கும். பஞ்சைக் குழியில் இறக்கிச் சுற்றிப் பார்த்தால், மலிவுப் பெட்டிகளில் பஞ்சின் சரிவும் குழியின் சரிவும் ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் வெளிச்சம் தெரியும். அதில் தட்டினால் கூடு ஒருபக்கம் மெலிந்து பிளக்கும். கபோஷானோடு நிற்பவர்களுக்கு இது தேவையே இல்லை, இது சேராத பெட்டியாகப் பார்த்து வாங்குவது லாபம்.

பழுதுபார்ப்புக்கு இந்தப் பெட்டி எவ்வளவு உதவும் என்று கேட்டால், பாதி. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சேர்த்தால் முக்கால். நகையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் கல் தளர்ந்திருக்கிறது. லென்ஸில் விளிம்பு தடிமனாகவே இருந்தால் அதே 12, 6, 3, 9 வரிசையில் மறுபடி அழுத்தி, பர்னிஷரால் ஓட்டினால் வேலை முடிந்தது. தளர்ந்த கற்களில் பெரும்பான்மை இந்த வகைதான். விளிம்பு தேய்ந்து காகிதம்போல் ஆகியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது, பெசலையே மாற்ற வேண்டும். பெசலில் விரிசல் கண்டிருந்தால் கல்லைக் கழற்றாமல் ஊதக்கூடாது. அடிப்பக்கம் திறந்த ராசிக்கல் மோதிரமானால் பின்னாலிருந்து பல்குச்சியால் தள்ளிக் கழற்றலாம். மூடிய அடி என்றால் மெல்லிய மழுங்கிய கத்தி அலகை விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே நுழைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிச் சுற்றி மயிரளவாகத் திறக்க வேண்டும். ஒருமுறை மடங்கித் திறந்த விளிம்பு இறுகியிருக்கும். கல் வெளியே வந்ததும் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி நீரில் விட்டால் மறுபடி இளகும். காய்ச்சாமல் மடக்கினால் உடையும். எந்த சால்டரில் ஊதியது என்று தெரியாத நகைக்கு ஈசியைத் தவிர வேறெதுவும் எடுக்காதீர்கள்.

நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகள் போன்ற கெம்புக்கல் நகைகள் வந்தால் இந்தப் பெட்டியை மூடிவிடுங்கள். அவற்றில் கல்லுக்குப் பின்னால் மின்னும் தகடும், பிடிமானத்துக்கு அரக்கும் இருக்கும். அரக்கு வெந்நீரிலேயே இளகும், தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல்லின் நிறம் செத்துவிடும். எண்ணெய் ஊட்டிய மரகதமும் அப்படியே: சூடும், ஒலியதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் பட்டால் எண்ணெய் வெளியேறி, மறைந்திருந்த விரிசல்கள் எல்லாம் தெரியும். கல்லைக் கையில் வாங்கும்போதே லென்ஸில் பார்த்து, இருக்கும் விரிசலை உரிமையாளருக்குக் காட்டி, படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் போதும். கம்பி 999 வெள்ளியா, எத்தனை கிராம்? சால்டர் காட்மியம் இல்லாததா, எந்தத் தரம்? மேண்ட்ரல் எஃகா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் பெட்டியை வாங்கலாம். வராவிட்டால் புஷர், பர்னிஷர், சட்டம், டார்ச் நான்கை மட்டும் பட்டறைச் சாமான் கடையில் தனித்தனியாகக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கி, கம்பியையும் சால்டரையும் வெள்ளி விற்கும் இடத்தில் எடை போட்டு வாங்குங்கள்.